மண்டபத்துப் படிக்கட்டு வரை

1979 ஜூன் 18. என் மகன், வயது இருபத்து நான்கு, தாவரவியல் ஆய்வு மாணவன், ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரில் பேருந்திலிருந்து இறங்கினான். மறுநாள் அங்கிருந்து ஆறு மைல் நடந்து, ஒரு சிற்றூரில் விவசாயி ஒருவரின் வீட்டில் தங்கினான்.

1979 நவம்பர் 20. காய்ச்சல் கண்டது.

நவம்பர் 23. நினைவு தப்பியது. மழையால் மலைச்சாலையில் பேருந்து ஓடவில்லை.

நவம்பர் 24. காலை ஆறு மணியளவில் நால்வர் அவனைக் கயிற்றுக் கட்டிலில் வைத்துச் சுமந்துகொண்டு, அமிர்தியை நோக்கி ஒற்றையடிப் பாதையில் இறங்கினர். பதினோரு மணியளவில் ஓர் ஓடையைக் கடப்பதற்காகக் கட்டிலை இறக்கி வைத்தனர். அங்கே மூச்சு நின்றது.

நவம்பர் 25. தந்தி வந்தது. நான் மட்டும் வேலூருக்குச் சென்றேன்.

நவம்பர் 26. உடல் வேலூரிலேயே தகனம் செய்யப்பட்டது.

1980 ஜனவரி 20 முதல் 22 வரை. அவனுடைய உடைமைகளைப் பெற்றுவர மலைக்குச் சென்றேன்.

1980 பிப்ரவரி 9. அவனுக்கு இடம் கொடுத்த விவசாயி எங்கள் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். பிற்பகல் நான்கு மணிக்கு வளாகத்தின் முன்வாசலில் நுழைந்தோம். நான்கு மணி நாற்பது நிமிடத்துக்கு என் வீட்டை அடைந்தோம்.

1986 மார்ச் 3. என் மனைவி காலமானாள்.

1987 மே. இரண்டாம் முறை மலைக்குச் சென்றேன்.

இவை என் நாட்குறிப்பிலும் தந்தியிலும் கடிதங்களிலும் உள்ளவை. வரலாற்றுத் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவன் நான். சரிபார்க்கக் கூடியதை முதலில் எழுதிவிட்டு மற்றதைப் பிறகு எழுதுவது என் பழக்கம். மற்றது இனி.

வேலூரில் தகனம் செய்வதென்று முடிவெடுத்தவன் நான்தான். ஊருக்குக் கொண்டுவர ஏழு மணி நேரப் பயணம்; மழை; உடலின் நிலை. வேலூரில் இருந்த நண்பர் ஒருவர் இவற்றை எடுத்துச் சொன்னார். எனக்கும் அவை சரியெனப் பட்டன. மனைவியைக் கேட்கவில்லை. அவள் புறப்பட்டு வர வேண்டாம் என்று பக்கத்து வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்லச் சொன்னேன். பத்து நாள் கழித்து அவள் ஒருமுறை மட்டும் சொன்னாள்: "எனக்கு யாரோ வந்து சொன்னாங்க, அவ்வளவுதான். நான் ஒண்ணும் பாக்கலை."

ஜனவரியில் மலைக்குப் போனபோது சாமை அறுவடை முடிந்து தாள்கள் களத்தில் கிடந்தன. புளியம்பழம் உலுக்கத் தொடங்கியிருந்தார்கள். ஜமுனாமரத்தூரில் அன்று சந்தை. சந்தைக்கு வந்திருந்த அந்த விவசாயி என்னைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. பேருந்திலிருந்து இறங்கியவுடனே நேராக வந்து பெட்டியை வாங்கிக்கொண்டார். என் வயதுதான் இருக்கும். என் மகன் எழுதிய கடிதங்களிலெல்லாம் அவரை 'வீட்டுக்காரர்' என்றே குறிப்பிட்டிருந்தான். நானும் அப்படியே எழுதுகிறேன்.

"எப்படி அடையாளம் தெரிந்தது?" என்று கேட்டேன்.

"நெத்தி அப்படியே கீது சார். நடையும் அதே தான். கால்ல முள்ளு குத்தின மாதிரி" என்றார்.

புளி விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண் அவரை அதட்டினாள். "துக்கத்துல வந்தவர்கிட்ட பேசற பேச்சா இது?"

"தம்பிகிட்டயும் இதையேதான் சொன்னேன். அவரு சிரிச்சாரு" என்றார் வீட்டுக்காரர்.

ஆறு மைலும் நடந்தோம். வீட்டுக்காரர் காட்டிக்கொண்டே வந்தார்; வழியில் எந்த இடமும் அவனில்லாமல் இருக்கவில்லை. இந்தப் பாறையில் உட்கார்ந்துதான் எழுதுவார். இந்த மேட்டில் ஏர் ஓட்டக் கற்றுக்கொடுக்கச் சொன்னார், மாட்டுக்கே சிரிப்பு வந்திருக்கும். இந்தச் சரிவில்தான் பனியில் வழுக்கி விழுந்தார், விழுந்ததை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றார், அதனால் எல்லாரிடமும் சொன்னேன். நான் பல்கலைக்கழக வளாகத்தில் பதினைந்து ஆண்டாகச் செய்துவந்த ஒரு வேலையை இந்த மனிதர் இங்கே செய்துகொண்டிருக்கிறார் என்பது பாதி வழியில்தான் எனக்கு உறைத்தது.

அதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் பல்கலைக்கழகம் பழையது. அதன் வளாகத்தைச் சுற்றிக் காட்டும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டிருந்தேன். மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை காலையில், முன்வாசல் வளைவிலிருந்து தொடங்கி, மணிக்கூண்டு, நூலகம், செனட் மண்டபம் என்று ஒரு மணி நேர நடை. ஒவ்வொரு கட்டடத்தின் முன்னாலும் நிற்கும் இடம், சொல்லும் வாக்கியம், மண்டபத்துப் படிக்கட்டில் சொல்லும் ஒரு வேடிக்கை எல்லாம் எனக்கு மனப்பாடம். என் மகன் சிறுவயதில் இரண்டு முறை வந்திருக்கிறான். மூன்றாம் முறை கூப்பிட்டபோது வரவில்லை.

வீட்டுக்காரரின் மனைவி எனக்குச் சாமைச் சோறும் கொள்ளு ரசமும் வைத்தாள். நான் அதிகம் சாப்பிடவில்லை.

"இன்னா சார், கோழி கொத்தற மாதிரி சாப்புட்றீங்க. தம்பி ரெண்டு தட்டு துன்னுவாரு. சாம புடிக்கலன்னா சொல்லுங்க, அரிசிச் சோறு ஆக்கறேன். எனக்கு ஆக்கத் தெரியாது, கல்லாட்டம் வரும். பரவால்லியா?"

சாமை பிடித்திருக்கிறது என்றேன். இன்னும் ஒரு கரண்டி போட்டாள்.

அவனுடைய பொருள்கள் ஒரு தகரப் பெட்டியில் அடங்கின. நான்கு குறிப்பேடுகள், இரண்டு சட்டைகள், ஒரு சவரக் கத்தி, ஏழு துணி முடிப்புகள். ஏழிலும் ஏழு வகைச் சாமை விதை. அவை அந்த ஊர்க்காரர்கள் ஆய்வுக்காகக் கொடுத்தவை. இரண்டு வகை இப்போது வேறு யாரிடமும் இல்லையாம். "பாத்து முடிச்சதும் ஒரு பிடி திருப்பிக் குடுங்க சார். ஆடிக்கு வெதைக்கணும்" என்றாள் வீட்டுக்காரரின் மனைவி. தருவதாகச் சொன்னேன்.

இரண்டாம் நாள் வீட்டுக்காரர் என்னை ஓடைக்கு அழைத்துச் சென்றார். இறங்க மூன்று மணி நேரமாயிற்று. தண்ணீர் வடிந்து, கணுக்கால் அளவே ஓடியது. ஒரு நாவல் மரத்தடியைக் காட்டினார்.

"இங்கதான் எறக்கினோம். அன்னிக்குத் தண்ணி இடுப்புக்கு மேல. கயிறு கட்டறதுக்கு ரெண்டு பேர் அந்தப் பக்கம் போனாங்க. நா தலமாட்டுல ஒக்காந்திருந்தேன். வாயில தண்ணி வுட்டேன். எறங்கல."

ஏறுவதற்கு முன் கேட்டார்:

"தம்பிய வூட்டுக்கு யாரு கூட்டிக்கினு போனது?"

வேலூரில் தகனம் நடந்ததைச் சொன்னேன்.

"அது ஒடம்பு சார். அத கேக்கல. அவரு வூடு போய்ச் சேந்தாரா?"

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார், ஒரு வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லும் குரலில், எந்த நடுக்கமும் இல்லாமல் விளக்கினார். வெளியிடத்தில், வழியில் உயிர் விட்டவருக்கு வீட்டுக்கு வழி தெரியாது. கடைசி மூச்சின்போது பக்கத்தில் இருந்தவர் அந்த இடத்து மண்ணை ஒரு துணியில் முடிந்து இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். அங்கிருந்து வீடு வரைக்கும், வழி பிரியும் ஒவ்வோர் இடத்திலும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வண்டியில் போனாலும் சரி. வாசலில் பெற்றவர்கள் தண்ணீர் ஊற்றி உள்ளே அழைப்பார்கள். மண்ணை வீட்டருகே ஒரு மரத்தடியில் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. மூன்று அமாவாசைக்குள் செய்ய வேண்டும். நடுவில் கூப்பிடுவதை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் அவர் அங்கேயே நின்றுவிடுவார்.

"மண்ணு அன்னிக்கே எடுத்து வெச்சிட்டேன். நீங்க எப்ப வரச் சொல்றீங்களோ அப்ப வர்றேன்" என்றார்.

பார்க்கலாம் என்றேன். நான் படித்தவன், அவரைப் புண்படுத்தவும் விரும்பவில்லை. ஊர் திரும்பியபின் மனைவியிடம் இதை ஒரு செய்தியாக, இந்த மக்களிடம் இப்படி ஒரு வழக்கம் இருக்கிறது என்ற அளவில் சொன்னேன். அவள் நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, எழுந்து போய், ஒரு தபால் அட்டையை எடுத்துவந்து உட்கார்ந்தாள். என்ன எழுதினாள் என்று எனக்குக் காட்டவில்லை. விலாசத்தை மட்டும் என்னிடம் கேட்டாள். பிப்ரவரி ஒன்பதாம் தேதி வருவதாக வீட்டுக்காரரிடமிருந்து பதில் வந்தது.

பிப்ரவரி ஒன்பதாம் நாள் இரண்டாம் சனிக்கிழமை. காலையில் வழக்கம்போல ஒரு குழுவுக்கு வளாகத்தைச் சுற்றிக் காட்டிவிட்டு, பிற்பகலில் பேருந்து நிலையத்துக்குப் போனேன். வீட்டுக்காரர் வெள்ளை வேட்டியும், மடிப்புக் கலையாத ஒரு சட்டையும் அணிந்திருந்தார். சட்டை என் மகனுடையது. அவன் கொடுத்தது என்று பிறகு சொன்னார். இடுப்பில் முடிப்பு இருந்தது. வழியெல்லாம் இரண்டு பேருக்குப் பயணச்சீட்டு வாங்கியிருந்தார்.

"கண்டக்டரு சண்டைக்கி வந்துட்டாரு சார். 'ரெண்டு டிக்கெட்டு, ஒரு ஆளு, இன்னோர் ஆளு எங்கய்யா'ன்னாரு. கூட வர்றாருன்னேன். 'மேல கீறாரா'ன்னு கேக்கறாரு. ஆமான்னு சொல்லிட்டேன். அவரு ஏணியில ஏறி மேல பாத்துட்டு வந்து, அப்பறம் என்கிட்ட பேச்சே இல்ல."

அதைச் சொல்லிவிட்டு, என் தோளுக்கு அப்பால் பார்த்து, என் மகனின் பெயரைச் சொல்லி, "எறங்கியாச்சு. அப்பா வந்துட்டாரு. அவரு பின்னாடியே போலாம், வா" என்றார்.

அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை.

வளாகத்துக்குப் பின்புறமும் ஒரு வாசல் உண்டு. பேருந்து நிலையத்திலிருந்து அந்த வழியே வந்தால் ஆசிரியர் குடியிருப்பு ஐந்து நிமிடம். பிரதான சாலையில் வந்து முன்வாசல் வழியே நுழைந்தால் முக்கால் மணி நேரம். "தம்பி எந்த வழியா வூட்டுக்கு வருவாரு?" என்று வீட்டுக்காரர் கேட்டார். முன்வாசல் என்றேன். யோசித்துச் சொன்ன பதில் அல்ல அது. நான் எந்த விருந்தினரையும் வேறு வழியில் அழைத்துச் சென்றதில்லை.

முன்வாசல் வளைவில் நின்றபோது, அதன் கல் எங்கிருந்து வந்தது என்று சொன்னேன். என்னை அறியாமல் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு திரும்பி, உரத்த குரலில் பெயரைச் சொல்லி, "இது வாசலாம். நூறு வருசமாம். இப்படி நேரா வா" என்றார்.

உரத்த குரல் என்று எழுதுவது போதாது. மலையில் ஒரு சரிவிலிருந்து எதிர்ச் சரிவில் மாடு மேய்ப்பவரைக் கூப்பிடும் குரல் அது. மிதிவண்டியில் போன மாணவர்கள் காலை ஊன்றி நின்று திரும்பிப் பார்த்தார்கள். நான் அவருக்கு இரண்டடி முன்னால் நடந்துகொண்டிருந்தேன். பிறகு நான்கடி முன்னால் நடந்தேன். குழுக்களோடு போகும்போது நான் எப்போதும் சற்று முன்னால் நடப்பவன்தான். அப்போது அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மணிக்கூண்டில் வழி மூன்றாகப் பிரிகிறது. "எந்தப் பக்கம் சார்?" என்றார். காட்டினேன். "கடியாரம் கீது பாரு. அதுக்கு எடப்பக்கம். மரத்துக்குக் கீழ வா, வெயிலு" என்றார் பெயரைச் சொல்லி. நூலகத்தின் முன்னால், "இது அத்தினியும் பொஸ்தகமா சார்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அத்தினியும் பொஸ்தகமாம். நீ படிச்சதுதானே. நிக்காத, அம்மா காத்துக்கினு இருப்பாங்க" என்றார்.

அடுத்தது செனட் மண்டபம். அதன் படிக்கட்டுக்கு எதிரே ஒரு பாதை குடியிருப்புப் பக்கம் திரும்புகிறது. அந்தத் திருப்பத்தில் அவர் பெயரைச் சொல்லத் தொடங்கியபோது, மண்டபத்தின் கதவு திறந்தது. துணைவேந்தர் நான்கைந்து விருந்தினர்களோடு வெளியே வந்து படியில் நின்றார்.

"கொஞ்சம் நிறுத்துங்க. அவங்க போகட்டும்" என்றேன்.

பெயரின் முதல் பாதி சொல்லப்பட்டிருந்தது. அவர் வாயை மூடிக்கொண்டார்.

துணைவேந்தர் என்னைப் பார்த்துவிட்டார். இறங்கி வந்து என் கையைப் பற்றினார். விருந்தினர்களிடம், "இந்த வளாகத்தில் ஒவ்வொரு கல்லும் இவருக்குத் தெரியும். நீங்கள் இவரைச் சந்தித்தது அதிர்ஷ்டம்" என்றார். பிறகு என்னிடம், சிரமமில்லை என்றால் இந்த மண்டபத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல முடியுமா என்று கேட்டார்.

சிரமமில்லை என்றேன்.

வழக்கமாக நிற்கும் இடத்துக்குப் போனேன். கட்டியவர் யார், ஏன் மேல்தளத்துத் தூண்களும் கீழ்த்தளத்துத் தூண்களும் ஒன்றுபோல இல்லை, படிக்கட்டின் நடுப்படி ஏன் மற்றவற்றைவிட அகலம் என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். வேடிக்கையையும் சொன்னேன். அவர்கள் சிரித்தார்கள். ஏழெட்டு நிமிடம் ஆகியிருக்கும். அத்தனை நேரமும் வீட்டுக்காரர் பாதையின் திருப்பத்தில், இடுப்பு முடிப்பின் மேல் கையை வைத்தபடி, அசையாமல் நின்றுகொண்டிருந்தார்.

அவர்கள் காரை நோக்கிப் போனபின் அவரிடம் வந்தேன். "இப்போது கூப்பிடுங்கள்" என்றேன்.

"கூப்ட முடியாதுங்க."

"ஏன்?"

"நின்னுடுச்சி. வழி சொல்றவன் நடுவுல வாய மூடிட்டா, அப்பறம் அவன் கொரலு அவருக்குக் கேக்காது." குற்றம் சாட்டும் தொனி அதில் இல்லை. "தம்பி இங்கதான் நிக்கிறாரு. இனிமே பெத்தவங்கதான் கூப்டணும். நீங்க கூப்டுங்க சார். வூடு கிட்டதானே?"

"கிட்டதான்."

"அப்ப கூப்டுங்க."

கார் இன்னும் கிளம்பவில்லை. அதன் கண்ணாடி இறக்கப்பட்டிருந்தது. நான் அதைப் பார்த்தேன். பிறகு, வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அவர் என்னையும் படிக்கட்டையும் மாறி மாறிப் பார்த்தார். நான் நடக்கத் தொடங்கினேன். சற்று நேரத்துக்குப் பின் அவருடைய செருப்புச் சத்தம் எனக்குப் பின்னால் கேட்டது.

என் மனைவி வாசலில் இரண்டு கதவுகளையும் திறந்து வைத்து, கையில் சொம்போடு நின்றிருந்தாள். எங்கள் இருவரையும் அவள் பார்க்கவில்லை. எங்களுக்கு நடுவில் இருந்த இடத்தைப் பார்த்து, "வாப்பா, உள்ள வா" என்று சொல்லி நிலைப்படியில் தண்ணீரை ஊற்றினாள்.

வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். அவன் வரவில்லை என்று சொல்ல வேண்டியவன் நான். நான் அவரிடம், "உள்ளே வாங்க" என்றேன்.

அவர் அன்று எங்கள் வீட்டில் மோர் மட்டும் குடித்தார். புறப்படும்போது, தெருமுனையில், முடிப்பை அவிழ்த்து என்னிடம் கொடுத்தார். "எப்ப அவர கூட்டிக்கினு வர்றீங்களோ, அப்பப் போடுங்க. அதுக்கு முன்னாடி போட்டுடாதீங்க" என்றார். திரும்பிப் போகும் பயணத்துக்கு அவர் ஒரு சீட்டுதான் வாங்கினார்.

மறுநாள் காலையில் மனைவி மண்ணைப் பற்றிக் கேட்டாள். மாமரத்தடியில் போட்டுவிட்டேன் என்றேன். முடிப்பு என் மேசை இழுப்பறையில் இருந்தது.

அதன்பின் ஆறாண்டு அவள் உயிரோடு இருந்தாள். பிற்பகல்களில் வாசற்கதவை விளக்கு வைக்கும்வரை திறந்தே வைத்திருப்பாள். மாமரத்துக்குத் தினமும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுவாள். 1985இல் நான் ஓய்வுபெற்றுக் குடியிருப்பைக் காலி செய்தபோது, மரத்தடியிலிருந்து மண்ணைத் தோண்டி ஒரு பிஸ்கட் டப்பாவில் நிரப்பினாள். லாரியில் ஏற்றாமல், மடியில் வைத்துக்கொண்டு புது வீட்டுக்கு வந்தாள். இழுப்பறை முடிப்பு புத்தகப் பெட்டியொன்றில் லாரியில் வந்தது. வழியில் டப்பாவைக் கொஞ்ச நேரம் என்னை வைத்துக்கொள்ளச் சொன்னாள். வைத்துக்கொண்டேன். கனமாக இருந்தது.

1986 பிப்ரவரியின் இறுதியில், அவளுக்குப் பேசுவதே சிரமமாகிவிட்டிருந்த நாட்களில், ஒரு காலை நேரத்தில் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். கரண்டியைக் கையால் விலக்கினாள்.

"அன்னிக்கு அவர் கூப்பிட்டது எனக்குக் கேட்டுது. மணிக்கூண்டுகிட்ட கேட்டுது. நூலகத்துகிட்ட கேட்டுது. அப்புறம் கேக்கலை."

கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தேன்.

"எங்க நின்னுது?"

"செனட் மண்டபத்துப் படிக்கட்டு" என்றேன்.

அவள் சற்று யோசித்தாள். "அங்க அவனுக்கு என்ன வேலை? அவன் என்னிக்கு முன்வாசல் வழியா வந்தான்? மெஸ்ஸுக்குப் பின்னால சுவர் ஏறிக் குதிச்சுதான் வருவான். சட்டையெல்லாம் சுண்ணாம்பா இருக்கும். உங்களுக்கு அது தெரியாது."

தெரியாது என்றேன்.

"நீங்களே சொல்வீங்கன்னு இருந்தேன்" என்றாள். பிறகு கஞ்சி கேட்டாள். டப்பாவைப் பற்றி அவள் கேட்கவில்லை; நானும் சொல்லவில்லை. ஐந்தாறு நாளில் எல்லாம் முடிந்தது.

அடுத்த ஆண்டு மே மாதம் மலைக்குச் சென்றேன். இந்த முறை என்னை அழைத்துப்போக யாரும் சந்தைக்கு வரவில்லை; ஆறு மைலும் தனியாக நடந்தேன். பாறையும் மேடும் சரிவும் நினைவில் இருந்தன. வீட்டுக்காரருக்கு ஒரு கண்ணில் புரை விழுந்திருந்தது; மற்றதும் தெளிவில்லை. குரலை வைத்துத்தான் என்னை அறிந்துகொண்டார். என் மனைவி காலமானதைச் சொன்னேன். அவருடைய மனைவி உள்ளிருந்து வந்து நின்றாள்.

"தம்பி வந்து சேந்தாரா, அத சொல்லுங்க மொதல்ல" என்றாள்.

இல்லை என்றேன்.

"ஏழு வருசமா நிக்க வெச்சிருக்கீங்களா? படிச்ச மனுசரு. நம்ம வூட்டு மாடு வழி தப்பினாகூட ஒருநா ராத்திரி தூங்க மாட்டோம்."

"சும்மா இரு நீ" என்றார் வீட்டுக்காரர்.

"வெதையாவது கொண்டாந்தாரான்னு கேளு."

விதை முடிப்புகள் ஏழும் என் அலமாரியில், அவனுடைய கையெழுத்துச் சீட்டுகளோடு அப்படியே இருந்தன. கொண்டுவரவில்லை. அவள் உள்ளே போய்விட்டாள்.

நான் கேட்க வந்ததைக் கேட்டேன். இன்னும் அழைக்க முடியுமா? காலம் கடந்துவிட்டதா? அந்த வீட்டில் இப்போது வேறொரு குடும்பம் இருக்கிறது. தண்ணீர் ஊற்ற வேண்டியவளும் இல்லை.

"அமாவாச கணக்கு எனக்குத்தான் சார். பெத்தவங்களுக்குக் கணக்கு இல்ல" என்றார். "அவரு எங்க போவாரு? வழி தெரியாதே. அங்கதான் இருப்பாரு. நீங்க இப்ப இருக்கிற வூட்டுக்கே கூட்டிக்கினு போங்க. வூடு மாறினா இன்னா, கூப்ட்ற ஆளு மாறலயே."

"மனத்துக்குள் சொன்னால் போதுமா?"

"போதாதுங்க. அவருக்குக் கேக்கணுமே."

சாமை விதைப்பதற்காக உழுது போட்டிருந்த நிலத்தின் விளிம்புக்கு என்னை அழைத்துச் சென்றார். கீழே பள்ளத்தாக்கு, எதிரே இன்னொரு சரிவு, ஆள் நடமாட்டம் இல்லை. "இங்க யாரும் கெடையாது. நானும் பாதி குருடன். ஒரு தபா கூப்ட்டுப் பாருங்க" என்றார்.

நான் நின்றேன். நூற்றுக்கணக்கானவர்கள் முன்னால் ஒலிபெருக்கி இல்லாமல் பேசியவன் நான். தொண்டையைச் சரிசெய்துகொண்டு என் மகனின் பெயரைச் சொன்னேன்.

அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, மெதுவாக, "இது கூப்ட்ற மாதிரி இல்ல சார். ஆளு வந்திருக்காரா இல்லையான்னு கேக்கற மாதிரி கீது" என்றார்.

மறுபடி முயன்று பார்க்கச் சொன்னார். நான் முயலவில்லை. பேருந்துக்கு நேரமாகிறது என்றேன். அவர் ஓடைப் பாதை பிரியும் இடம் வரை உடன் வந்தார். அங்கே நின்று, நான் கண்ணுக்கு மறையும்வரை, எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று எனக்கு உரக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

இது நடந்து ஓராண்டுக்கு மேலாகிறது. இன்னும் செய்யாதவை:

முடிப்பை எடுத்துக்கொண்டு செனட் மண்டபத்துப் படிக்கட்டுக்குப் போவது. ஆள் இல்லாத நேரம் பார்க்கக் கூடாது.

அவன் பெயரை முழுதாகக் கூப்பிடுவது.

மெஸ்ஸின் பின்சுவர் வழியாக அழைத்து வருவது. சுவர் இன்னும் இருக்கிறதா என்று முன்னதாகப் போய்ப் பார்க்க வேண்டும்.

பிஸ்கட் டப்பாவில் உள்ள மண்ணை என்ன செய்வதென்று முடிவு செய்வது.

விதை முடிப்புகள் ஏழையும் ஆடிக்கு முன் மலைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது.

வாசலில் தண்ணீர் ஊற்ற யாரையாவது கேட்பது.